ஒரே நம்பர், ரெண்டு ஆள்

ஜீவனஹள்ளி
9 பிப்ரவரி 2025

அன்பு மகள் நிருபமாவுக்கு,

பெரியப்பா பொன்னுரங்கம் வாயால் சொல்ல, மாடி வீட்டு டோரதி கையால் எழுதுவது. எனக்கு இடது முழங்கால் படி இறங்கும்போது மட்டும் தகராறு செய்கிறது, மற்றபடி திடமாக இருக்கிறேன். உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஸ்க்ரீனைப் பார்க்கிறவள், நடுநடுவே எழுந்து ஜன்னலையும் பார்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் போடுகிறாரே என்று சிரிப்பாய். போனில் கேட்டால் "பாக்கறேன் பெரியப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதுதான்.

விஷயம் இது. நம் மில் தொழிலாளர் வீட்டுமனை சங்கத்துக்கு ஆனேக்கல் பக்கம் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். மனை வேண்டும் என்று ஒவ்வொரு உறுப்பினரும் சங்கம் அனுப்புகிற மெயிலுக்குப் பதில் தர வேண்டும். ஆகஸ்ட் பொதுக்கூட்டம் முடிவதற்குள் பதில் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். பெயர் போனால் மனை போச்சு. இரண்டு மெயில் போய்விட்டது, கடைசி மெயில் ஒன்றுதான் பாக்கி.

போன செவ்வாய்க்கிழமை செயலாளர் ரவிக்குமார் பதில் தந்தவர்கள் பட்டியலைக் கதவில் ஒட்டினான். டோரதி வாசித்தாள், நான் விரல் விட்டு எண்ணினேன். 173 பெயர். நம் உறுப்பினர் 214. இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் கம்பெனி தயாரிக்கிற மெயிலை சங்கத்துக்குப் போட்டுக் கொடுத்தது நீதானே. பதிவேடு ஆடிட்டுக்குப் போயிருந்ததால் நான் பெயர் சொல்லச் சொல்ல, எந்த வீட்டு போன், எந்தப் பிள்ளையின் மெயில் என்று கேட்டுக் கேட்டு நீ அடித்தாய். முடிவில் நீயே சொன்னாய், 214 என்று.

"ஏம்பா ரவி, மிச்சம் 41 பேர் எங்கே?" என்றேன்.

"பதில் தரலை தாத்தா."

"வந்தாத்தானே தருவாங்க? ஒருத்தருக்கும் வரலையே. நம்ம முறை இன்னும் வரலை போலன்னு உக்காந்திருக்காங்க."

"எல்லாருக்கும் போச்சுன்னு கம்ப்யூட்டர் ரிப்போர்ட் தருது. சும்னே, காரணமில்லாம என்னைத் திட்டாதீங்க."

மில் சங்கத்தில் முப்பது வருஷம் கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டவன் நான். நோட்டீஸைப் படிக்கத் தெரியாது, ஆனால் யார் யாருக்குப் போக வேண்டும் என்று தெரியும். ஆகவே கேட்கிறேன்: அந்தப் பெட்டிக்குள்ளே ஆட்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. புரியாவிட்டால் புரியும்வரை கேட்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

பெரியப்பா

(திட்டின வார்த்தை இரண்டை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். — டோரதி)


வைட்ஃபீல்ட்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள பெரியப்பா,

உங்கள் கடிதம் வர ஐந்து நாள் ஆனது. மெட்ரோவில் வந்திருந்தால் ஒரு மணி நேரம். கண் பரவாயில்லை, சொட்டு மருந்து போடுகிறேன். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், டோரதி ஆன்ட்டியை வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் மெயிலுக்குள் இருக்கும் அட்ரஸ் புக் என்பது அட்டைகள் நிறைந்த ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு அட்டை. ஒவ்வொரு அட்டைக்கும் மெஷின் ஒரு நீளமான நம்பர் போடுகிறது. அது யார் கண்ணிலும் படாது. மெஷினுக்கு அந்த நம்பர்தான் ஆள். பெயர், போன், மெயில் எல்லாம் அட்டை மேல் எழுதிய எழுத்து மட்டும். பெயரை மாற்றி எழுதினாலும் அட்டை அதே அட்டைதான்.

"சங்க உறுப்பினர்கள்" என்று ஒரு குழு போட்டோமே, அதற்குள் பெயரே கிடையாது. அந்த நம்பர்களின் வரிசைதான் இருக்கிறது. மெயில் அனுப்பும்போது மெஷின் ஒவ்வொரு நம்பராக எடுத்து, அந்த அட்டையைத் திறந்து, அதில் இருக்கும் விலாசத்துக்கு அனுப்புகிறது.

போன செப்டம்பரில் புதிதாக ஒன்று சேர்த்தோம். ஒரே ஆளை ஜனங்கள் இரண்டு மூன்று தடவை எழுதி வைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரே போன் நம்பரோ ஒரே மெயிலோ இரண்டு அட்டையில் இருந்தால், மெஷின் அவற்றை ஒன்றாக்கிவிடும். ஒரு அட்டை மிஞ்சும். மற்றதன் இடத்தில் "இவர் அங்கே போய்விட்டார்" என்று ஒரு குறி மட்டும் இருக்கும். நாங்கள் அதைக் கல்லறைக் கல் என்போம். 180 நாள் வைத்திருந்து பிறகு துடைத்துவிடுவோம். நம் 41 பேருக்கு நடந்தது அதுதான். அந்த விதி எங்கள் டீமில் எழுதப்பட்டது.

மார்ச் நடுவரை கல் இருக்கும், பிரித்துவிடலாம். ரவிக்குமாரிடம் நான் பேசுகிறேன். இந்த மாதம் ஆபீசில் புது மென்பொருள் ரிலீஸ் இருப்பதால் வர முடியவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

நிருபமா


ஜீவனஹள்ளி
2 மார்ச் 2025

அன்பு நிருபமாவுக்கு,

தைலம் வந்தது. முழங்காலுக்குப் பாதி, டோரதியின் தோளுக்குப் பாதி. வெயில் ஆரம்பித்துவிட்டது, மோர் குடி.

நீ எழுதினது புரிந்தது. டோரதி இரண்டு தடவை வாசித்தாள், மூன்றாம் தடவை நான் அவளுக்குச் சொன்னேன். லட்சுமம்மா, அவள் புருஷன் கிருஷ்ணப்பா, பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டன், மூணு பேருக்கும் லட்சுமம்மாவின் மகள் வீணாவின் போன்தான். மூணு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் மூணு தட்டு போட வேண்டும். உன் மெஷின் ஒரு தட்டு போட்டுவிட்டு, மூணு பேரும் சாப்பிட்டாச்சு என்று ரிப்போர்ட் தருகிறது.

கிருஷ்ணப்பா போன வருஷம் காலமானது உனக்குத் தெரியும். மெஷின் மிச்சம் வைத்தது அவர் அட்டையை. "அன்புள்ள கிருஷ்ணப்பா" என்று மெயில் வந்தது, வாரிசு என்று வீணா பதில் போட்டாள். அது சரி. ஆனால் லட்சுமம்மாவும் தன் கணக்கில் உறுப்பினர். நான் போய்ச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். "வைண்டிங்ல இருபத்தாறு வருஷம் நூல் சுத்தினது யாரு, அவரா நானா? என் கையை அவர் கைன்னு எழுதிட்டாங்களா?" என்கிறாள். இதற்குப் பதில் நீதான் எழுத வேண்டும்.

காணாமல் போனவர்கள் பெயரை டோரதி தனித் தாளில் எழுதித் தர, ரவியிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. விதி "எழுதப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். மழை பெய்தது என்கிற மாதிரி இருக்கிறது. எழுதினது யார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியப்பா


வைட்ஃபீல்ட்
12 மார்ச் 2025

அன்புள்ள பெரியப்பா,

நான் நலம். மோர் குடிக்கிறேன்.

நல்ல செய்தி. ரவிக்குமாரோடு போனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கல்லறைக் கற்கள் அப்படியே இருந்தன. தானாகச் சேர்க்கிற வசதியையும் சங்கத்துக்கு நிறுத்திவிட்டோம். லட்சுமம்மா ஆன்ட்டி இப்போது தனி அட்டை.

ஆனால் பிரித்த பிறகு 213தான் வருகிறது. ஒன்று குறைகிறது. "தாத்தாவைக் கேளுங்க மேடம்" என்கிறார் ரவிக்குமார். யாருடையது?

ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இனி கவலை வேண்டாம்.

நிருபமா


ஜீவனஹள்ளி
20 ஏப்ரல் 2025

அன்பு நிருபமாவுக்கு,

இங்கே தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. உங்கள் அப்பார்ட்மென்டில் டேங்கர் வருகிறதா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது.

சோதனை மெயில் போனது. ரவி திரையில் 213 பேர் நிற்கிறார்கள். ஆனால் வந்தது பழையபடி வீட்டுக்கு ஒன்றே ஒன்று. வீணாவின் போனில் கிருஷ்ணப்பா பெயருக்கு வந்தது, லட்சுமம்மாவுக்கும் ஸ்ரீகண்டனுக்கும் இல்லை. நாற்பது பேர் வீட்டுப்படியும் ஏறி இறங்கிக் கேட்டேன். முழங்கால் எதற்கு இருக்கிறது?

"அப்போ ஒவ்வொருத்தருக்கும் நீயே தனித்தனியா அனுப்புப்பா" என்றேன் ரவியிடம்.

"முடியாது தாத்தா. ஒரே பட்டியல், ஒரே நேரம், மெஷின் ரிப்போர்ட். அப்படித்தான் விதி போட்டிருக்கோம். வேண்டியவனுக்கு அனுப்பினான், வேண்டாதவனுக்கு அனுப்பலைன்னு நாளைக்கு என் சட்டையைப் பிடிப்பீங்க."

"சரி, லட்சுமம்மா இப்பவே வாயால சொல்றா, மனை வேணும்னு. எழுதிக்கோ."

"மெயில் போன பேருக்குத்தானே பதில் எடுக்க முடியும்? போகாத பேருக்கு எப்படி பதில்?"

அவன் கெட்டவன் இல்லை. வரிசை தப்பாத ஆள், அவ்வளவுதான். அதனால்தான் அவனைச் செயலாளர் ஆக்கினோம்.

ஒன்று குறைகிறதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது இருக்கட்டும். முதலில் இந்த நாற்பது பேர் வேலை முடியட்டும்.

சொட்டு மருந்தை நிறுத்தாதே.

பெரியப்பா


வைட்ஃபீல்ட்
11 மே 2025

அன்புள்ள பெரியப்பா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் வெயிலில் படி ஏறாதீர்கள்.

ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். அட்டைகள் பிரிந்துவிட்டன, அதில் தவறில்லை. ஆனால் அனுப்புகிற நேரத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. மெஷின் 213 அட்டையையும் திறந்து விலாசங்களை எடுத்து வரிசை கட்டுகிறது. அதில் ஒரே விலாசம் இரண்டாவது தடவை வந்தால் தள்ளிவிடுகிறது. ஒரே ஆளுக்கு ஒரே மெயில் இரண்டு தடவை போகக் கூடாது என்று வைத்தது. முதலில் நின்ற பெயருக்குப் போகும், பின்னால் நின்ற பெயர் அந்த இடத்திலேயே விழும்.

ஆளுக்கு ஒரு தனி மெயில் திறந்தால் பிரச்சனை தீரும். ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் தனி போன் நம்பர் கேட்கும்.

அனுப்புகிற வாசலை மாற்றுவது சின்ன விஷயம் இல்லை. கோடிக்கணக்கான பேர் உபயோகிக்கிறார்கள். ஆபீசில் கேட்டுப் பார்க்கிறேன்.

நிருபமா


ஜீவனஹள்ளி
25 மே 2025

அன்பு நிருபமாவுக்கு,

காய்ச்சல் என்று ஒரு வரி முன்னாலேயே எழுதியிருக்கலாம். டோரதி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பியிருப்பாள். இப்போது வாய்க்கு ருசி தெரிகிறதா?

தனி மெயிலுக்குத் தனி போன் வேண்டும் என்கிறாய். தனித்தனி போன் இருந்தால் நான் ஏன் உனக்குக் கடிதம் போடுகிறேன்?

"கேட்டுப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். யாரிடம், என்றைக்கு, என்ன கேட்பாய்? கடைசி மெயில் ஆகஸ்ட் மூணாம் தேதி போகிறது. கூட்டம் பதினேழு. எனக்கு நாள் தெரியும், உனக்கும் தெரியட்டும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கோபப்படாதே. நம் வீட்டுக்கு போன் வந்தபோது உனக்கு ஒன்பது வயசு. நம் லைன் வீட்டு வரிசையில் பதினோரு வீட்டுக்கும் அது ஒன்றுதான். மணி அடித்தால் எடுத்து, யாருக்கு என்று கேட்டு, வாசலில் நின்று கத்துவது நீ. ஜாயிண்டர் வேலை பார்த்த மாமாவை நீ கூப்பிடுகிற குரல் ரயில்வே கேட் வரை போகும். வரவர உனக்கு ஆளே சொல்ல வேண்டியதில்லை, எதிர்ப்பக்கக் குரலைக் கேட்டே யாருக்கு என்று தெரிந்துகொண்டாய். ஒரு நாளாவது லட்சுமம்மாவுக்கு வந்த போனை கிருஷ்ணப்பாவிடம் கொடுத்திருப்பாயா? கொடுத்திருந்தால் அவள் விட்டிருப்பாளா?

ஒரு நம்பருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று உங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும். நீ மறந்திருக்க மாட்டாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன். அந்த விதியை எழுதினது யார்?

பெரியப்பா

(நான் வேண்டாம் என்றேன். எழுது என்றார். — டோரதி)


ஜீவனஹள்ளி
22 ஜூன் 2025

அன்பு நிருபமாவுக்கு,

நாலு வாரம் ஆயிற்று. தபால்காரரை நிறுத்திக் கேட்டேன், இல்லை என்றார். நீ சுகமாக இருக்கிறாயா என்று முதலில் எழுது. மற்றதைப் பிறகு எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

பெரியப்பா


வைட்ஃபீல்ட்
6 ஜூலை 2025

அன்புள்ள பெரியப்பா,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்கு அது காரணம் இல்லை.

அந்த விதியை எழுதினது நான். டீம் இல்லை, நான். என் பெயர்தான் அதன் மேல் இருக்கிறது.

போன வருஷம் அதைப் பரிசீலிக்கிற கூட்டத்தில் சுஹாஸ் என்று எங்கள் சீனியர் கேட்டார், "ஒரே நம்பர்ல ரெண்டு பேர் இருக்க மாட்டாங்களா?" என்று. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "இந்தக் காலத்துல அப்படி யாரு இருக்காங்க?" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தேன், பெரியப்பா. இருக்கிறார்கள் என்று சொன்னால், எங்கே, யார், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். வசதியானவர்கள் இருக்கும் கோக்ஸ் டவுன் பக்கம் என்றுதான் அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஜீவனஹள்ளி என்று சொன்னதில்லை. லைன் வீடு என்று சொன்னதே இல்லை.

உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். போன வியாழக்கிழமை நானே கூட்டம் கூட்டினேன். உங்கள் பெயர்ப் பட்டியலைப் போர்டில் எழுதினேன். ஒரு நம்பர், அதற்குக் கீழே மூன்று ஆள். இன்னொரு நம்பர், நாலு ஆள். போன் என்பது ஆள் இல்லை, மெயில் என்பது ஆள் இல்லை, அட்டைதான் ஆள் என்றேன். அனுப்புகிற வாசலில் விலாசத்தைப் பார்த்துத் தள்ளக் கூடாது, அட்டையைப் பார்த்துத்தான் தள்ள வேண்டும், பெயர் வேறென்றால் கேட்காமல் சேர்க்கவும் கூடாது என்றேன்.

"இவ்வளவு பெயர் உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்றார் சுஹாஸ்.

"இவங்களை எல்லாம் வாசல்ல நின்னு கூப்பிட்டவ நான். அந்த வீட்டுப் பொண்ணு."

பிறகு அவர், "அப்ப போன வருஷம் ஏன் சொல்லலை?" என்று கேட்டார். போர்டில் அடுத்த நம்பரை எழுதினேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. மாற்றம் ஜூலை கடைசிக்குள் போகும். நானே எழுதுகிறேன்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. காணாமல் போனவர் 41 என்றீர்கள். ரவிக்குமார் கொடுத்த உங்கள் தாளில் 40 பெயர்தான் இருந்தது. போர்டில் எழுதும்போதுதான் எண்ணினேன். அவரைப் பிடித்துக் கேட்டேன். அப்பாவும் நீங்களும் ஒரே நம்பர். மிஞ்சினது அப்பா அட்டை. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது, அந்த மனைக்கு வாரிசு நான். நீங்கள் தந்த பதில் ஏகாம்பரம் என்கிற பெயரில் ஏறியிருக்கிறது. உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. பிரிக்க வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்களாம். அவ்வளவு கேள்வி கேட்டவர், இதை மட்டும் ஏன் கேட்கவில்லை?

நிருபமா


ஜீவனஹள்ளி
13 ஜூலை 2025

அன்பு நிருபமாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, எனக்குச் சளி ஒன்றும் இல்லை. நீ குடை எடுத்துப் போ.

ரவி அப்போதே சொன்னான். பதில் ஏகாம்பரம் அட்டையில் நிற்கிறது, பிரித்தால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது என்றான். அப்படியானால் தொடாதே என்றேன். என் தம்பி அந்த மில்லில் இடுப்பு ஒடிந்தவன். அவன் பெயர் ஒரு இடத்தில் நிலையாக நிற்கிறது என்றால் அதை ஆட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு இந்த வீடு போதும்.

போன வருஷம் நீ சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். டோரதி அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். மேலே படி என்றேன். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வியாழக்கிழமை நீ சொன்னதையும் அதே தாளில்தான் எழுதியிருக்கிறாய். இரண்டையும் கேட்டேன்.

வேலையை முடி.

பெரியப்பா


வைட்ஃபீல்ட்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பெரியப்பா,

நலமாக இருக்கிறேன், தூக்கம்தான் குறைவு. உங்கள் முழங்காலுக்கு இன்னொரு தைலம் இதோடு வருகிறது. டோரதி ஆன்ட்டிக்கும் தனி பாட்டில்.

மாற்றம் போன புதன்கிழமை போய்விட்டது. நேற்று சங்கத்தின் கடைசி மெயிலும் போனது. 214. வீணாவின் போனில் மூன்று தடவை மணி அடித்ததாம். லட்சுமம்மா ஆன்ட்டி தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாராம்.

பிரித்தால் பதில் பழைய அட்டையிலேயே நிற்கும், எங்கும் போகாது. என்னைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேன். உங்கள் அட்டையின் கல்லறைக் கல்லை மார்ச்சிலேயே துடைத்துவிட்டார்கள், அதனால் ரவிக்குமார் உங்களுக்குப் புது அட்டை போட்டார். போன் நம்பர் அதே நம்பர். உங்கள் பெயருக்கு மெயில் வந்திருக்கிறது. டோரதி ஆன்ட்டியை வைத்து இன்றே பதில் தாருங்கள். "இந்த வீடு போதும்" என்பதெல்லாம் எனக்கு வேண்டாம்.

பதினேழாம் தேதி ஆனேக்கல் கூட்டத்துக்கு வருகிறேன். அப்பா பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பேன். அவருக்காக நீங்கள் நிற்க வேண்டியதில்லை, உங்களுக்காக நில்லுங்கள்.

நிருபமா


ஜீவனஹள்ளி
19 ஆகஸ்ட் 2025

அன்பு நிருபமாவுக்கு,

நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தாயா? கூட்டத்தில் உன்னைப் பார்த்தபோது இளைத்திருந்தாய். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனேக்கல் பஸ்ஸில் நின்று வந்ததில் முழங்கால் கொஞ்சம் வீக்கம்.

ஏகாம்பரம் என்று ரவி வாசித்ததும், "இருக்கேன், அவர் மகள் நிருபமா" என்று பின்வரிசையிலிருந்து சொன்னாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஆபீசில் அவசரம் என்று கார் பிடித்துப் போய்விட்டாய். நீ போன பிறகு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் உனக்கு வரக் கூடாது.

என் பெயரை வாசித்தான். எழுந்து நின்றேன். லட்சுமம்மா பெயரை வாசித்ததும், "இருக்கேன்! நான்தான்! அவர் இல்லை!" என்று கத்தினாள், ஹால் முழுக்கச் சிரித்தது. ஸ்ரீகண்டன், அந்த நாற்பது பேர், ஒருவர் விடாமல் பதில் ஏறியிருந்தது. "214, எல்லாமே சரியா இருக்கு" என்றான் ரவி. கை தட்டினார்கள். என் தோளில் தட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கதவுப் பக்கம் ஒரு பெண் எழுந்து நின்றாள். "என் பேரு வாசிக்கலையே, அங்கிள்" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"லவினாதானே? வாசிச்சானே."

"அது அக்கா. நான் கேரல்."

இரண்டு வருஷமாக ஆடிட்டில் கிடந்த பதிவேடு அன்று காலைதான் திரும்பி வந்திருந்தது. டோரதி பிரித்து வாசித்தாள். லவினா, கேன்டீன். அடுத்த வரி, கேரல், கேன்டீன். இரண்டு வரி, இரண்டு கையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ அடிக்க அடிக்க நான் சொன்னேனே, லவினா வீடு என்று ஒன்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எந்த மெஷினும் இல்லை, நிருபமா. எந்த விதியும் இல்லை. என் வாய்தான் இரண்டு பேரை ஒன்றாக்கினது. என் மேல் இருந்த நம்பிக்கையில் ஒருவரும் சரி பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பெண், தன்னை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கும் அக்காவுக்குத் துணையாகத்தான் வந்தாளாம். நாற்பது பேர் எழுந்ததைப் பார்த்துத்தான் கேட்கத் துணிந்தாளாம்.

"கூட்டம் முடிஞ்சிடுச்சே தாத்தா" என்றான் ரவி. பின்னாலிருந்து யாரோ, "ஒரு ஆள்தானே, பஸ் போயிடும்" என்றார்கள்.

எழுந்தேன். "தப்பு கம்ப்யூட்டரோடது இல்லை, ரவியோடதும் இல்லை. நான் விட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, பொன்னுரங்கம் விட்டான். தலைவர் இன்னும் கூட்டத்தை முடிக்கலை. முடிக்கவும் விடமாட்டேன். ரவி, ஒரு அட்டை போடு."

ரவி பதிவேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அட்டை போட்டான். நம்பர் லவினாவின் நம்பர், மெயில் லவினாவின் மெயில். பட்டியல் முழுவதற்கும் மறுபடி ஒரே நேரத்தில் அனுப்பினான், அதுதானே விதி. ஹாலில் இருந்த போனெல்லாம் மணி அடித்தது. லவினாவின் போன் இரண்டு தடவை அடித்தது. கேரல் அக்கா கையிலிருந்து அதை வாங்கி, அங்கேயே நின்று பதில் போட்டாள். நீ மாற்றினது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்.

அதோடு நான் விடவில்லை. ஒருத்தியை விட்டவன் இன்னொருவரை விட்டிருக்க மாட்டேன் என்று என்ன நிச்சயம்? கதவைச் சாத்தச் சொன்னேன். டோரதி பதிவேட்டை முதல் வரியிலிருந்து வாசித்தாள், ரவி ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினான். நான் ஒரு பெயரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கேட்டேன். திரும்புகிற பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது, என்னைத் திட்டினார்கள், திட்டட்டும் என்றேன். பதிவேட்டில் 215 பெயர், திரையிலும் 215. கடைசி வரி முடியும்வரை ஒருவரையும் எழுந்து போக விடவில்லை.

கண்ணுக்கு மருந்து போடு.

பெரியப்பா பொன்னுரங்கம்